வெள்ளை நல்லது, சிவப்பு கெட்டது

போன வாரம் நம் வகுப்புக் குழுவில் ஒரு படம் வந்தது. நாம் படித்த அதே ஆரம்பப் பள்ளி. இப்போது தரைக்கு டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு கதைப் புத்தகம் வைத்திருந்தார்கள். கதை வழியாகப் பாடம் நடத்துகிறார்களாம். படத்தை அனுப்பியவர் கீழே, "நம்ம காலத்துல இதெல்லாம் ஏது?" என்று எழுதியிருந்தார். பதினோரு பேர் கட்டைவிரல் காட்டினீர்கள். ஒருவர் மட்டும், "கதை டீச்சர்னு ஒருத்தங்க இருந்தாங்களே, கல்யாணம் ஆயி மாத்திக்கினு பூட்டாங்க" என்று எழுதினார்.

இரண்டும் தவறு. கதை வழியாகப் பாடம் நம் காலத்திலும் இருந்தது. டீச்சர் கல்யாணம் ஆகிப் போகவில்லை. நீங்களும் அதே வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். ஆனால் உங்களுக்குத் தெரிந்தது பாதி. மீதி எனக்குத் தெரியும், ஏனென்றால் அதில் என் கையும் இருந்தது.

தபால் நிலையத்தில் தேதி முத்திரை குத்தியே வேலைக்காலத்தைக் கழித்தவள் நான். தேதி இல்லாத காகிதத்தைக் கண்டால் இன்றும் கை பரபரக்கும். ஆனாலும் ஆண்டை எழுதப் போவதில்லை. எழுதினால் நம் வயது பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும் என்று உங்களில் இருவர் சண்டைக்கு வருவீர்கள். கிழமை மட்டும் சொல்கிறேன். அந்த ஆண்டு தீபாவளி செவ்வாய்க்கிழமை, அமாவாசை புதன், கந்த சஷ்டி விரதம் வியாழக்கிழமை தொடக்கம். என் அப்பா சேர்த்து வைத்திருந்த பஞ்சாங்கக் கட்டில் இதைச் சரிபார்த்துவிட்டேன். இந்த ஆறு நாள் கணக்கு முக்கியம். பின்னால் தெரியும்.

டீச்சர் வந்தது ஜூன் மாதம், பள்ளி திறந்த இரண்டாவது திங்கட்கிழமை. காஞ்சிபுரத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து, திருப்புலிவனம் சாலையில் இறங்கி, சேறு படாமல் புடவையைக் கணுக்காலுக்கு மேல் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. பச்சையும் வெள்ளையுமாகப் பின்னிய ஒயர் கூடை. மேலே டிபன் பாக்ஸ், அதன்கீழ் குடை, குடைக்கும் கீழே நியூஸ் பேப்பரில் சுற்றிய கதைப் புத்தகங்கள். கூடையைத் திறந்தால் தயிர்சாதமும் அச்சு மையும் கலந்த ஒரு வாசனை வரும். பசியும் ஆசையும் ஒன்றாகக் கிளம்பும்.

பெரிய வாத்தியாருக்கு அது பிடிக்கவில்லை. நம் எதிரிலேயே கேட்டார்: "டீச்சர், சிலபஸ்ல இல்லாதத நடத்தினா இன்ஸ்பெக்டருக்கு நான்ல பதில் சொல்லணும்?"

"பாடம் சிலபஸ்தான் சார். கதை மட்டும் என்னுது."

அவர் சிரித்தாரா முறைத்தாரா என்று நினைவில்லை. ஆனால் விட்டுவிட்டார். அந்த ஐந்து மாதங்களும் நமக்குத் திருவிழாதான். ஏழாம் வாய்ப்பாட்டை எப்படிப் படித்தோம், நினைவிருக்கிறதா? ஒரு கதையில் ஒரு மாற்றாந்தாய். அரிசிப் பானை இருக்கும் அறைக்கு ஏழு பூட்டு. ஒவ்வொரு பூட்டுக்கும் ஏழு சாவி. பசித்த பெண் குழந்தை ஒவ்வொரு பூட்டாகத் திறந்துகொண்டே போகும். மூன்று பூட்டு திறக்க எத்தனை சாவி? இருபத்தொன்று. ஐந்து பூட்டுக்கு? முப்பத்தைந்து. படத்தில் அந்தப் பெண்மணிக்கு நகம் முழ நீளம், புருவம் தேள் கொடுக்கு. பிரம்பு இல்லாமல் வாய்ப்பாடு தலைக்குள் ஏறியது. அதோடு சேர்ந்து அந்த நகமும் ஏறியது. அதை அப்போது டீச்சர் உட்பட யாரும் கவனிக்கவில்லை.

என் பக்கத்துப் பலகையில் உட்காருபவளை உங்களுக்குத் தெரியும். மழை பிடித்தால் மூச்சு இழுக்கும் அந்தப் பெண். மூன்று வயதில் தாய் போய்விட்டாள். அடுத்த ஆண்டே சித்தி வந்து, பிறகு ஒரு தம்பியும் பிறந்தான். ஏழு பூட்டுக் கதை நடந்த அன்று மதியம் நம் பையன்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏய், உங்க சித்தி எத்தினி பூட்டு போட்டுக்கீது?"

"எங்க வூட்ல பூட்டும் கெடயாது, உள்ள வெச்சிப் பூட்ட அரிசியும் கெடயாது. நீ வந்து ஒரு படி குடுத்துட்டுப் போ, பூட்டிக் காட்றேன்" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். ஆனாலும் அவள் சித்தி வயல்வேலை முடிந்து பள்ளி வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் அந்த அம்மாளின் நகத்தைப் பார்ப்பேன். குட்டையாக, சேறு ஏறி, உடைந்து இருக்கும். அதையும் மீறி, உள்ளே நீளமாக வளருமோ என்று ஒரு சந்தேகம் எனக்கு இருந்தது. சிரிக்காதீர்கள். உங்களுக்கும் இருந்தது.

தீபாவளி முடிந்து வியாழக்கிழமை பள்ளி திறந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை நல்ல மழை. ஓட்டில் ஒழுகியதால் பலகைகளை ஒரு மூலைக்கு நகர்த்தி, இடித்துப் பிடித்து உட்கார்ந்திருந்தோம். கைகளில் பட்டாசு மருந்து வாசனை இன்னும் போகவில்லை. டீச்சர் கூடையிலிருந்து புதுப் புத்தகம் ஒன்றை எடுத்தார். எங்கோ குளிர் தேசத்தில் எழுதித் தமிழாக்கியது. வழவழப்பான தடித்த தாள். மரங்களுக்குப் பட்டை வெள்ளையாக இருந்தது. தலையில் துணி கட்டிய ஒரு சிறுமி மழை விட்டதும் கூடையோடு காட்டுக்குப் போகிறாள். காளான் பறிக்கிறாள். சிவப்புத் தொப்பியில் வெள்ளைப் புள்ளி வைத்த காளானைத் தூர எறிகிறாள். வெளுத்த காளான்களைக் கூடையில் போடுகிறாள். வீட்டுக்கு வந்து தானே அடுப்பு மூட்டிச் சூப்பு வைக்கிறாள். வேலைக்குப் போன அம்மா பனியில் நனைந்து களைத்து வருகிறாள். சூடான சூப்பைக் குடித்துவிட்டு, மகளின் முகத்தோடு முகம் வைத்துக்கொள்கிறாள். கடைசிப் பக்கப் படம் அதுதான்.

என் பக்கத்துப் பலகைக்காரி அந்தப் படத்தின்மேல் விரலை வைத்தாள். எடுக்கவேயில்லை. "இம்மாங்கிட்ட மூஞ்சிய வெச்சிக்கினு கீறாங்க பாரேன்" என்று என் காதில் சொன்னாள்.

கதை முடிந்ததும் அறிவியல் பாடம். டீச்சர் கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு இழுத்தார். இடப்பக்கம் 'நல்லது', வலப்பக்கம் 'கெட்டது'. பொருள்களை நிறத்தாலும் வடிவத்தாலும் பிரிப்பது எப்படி என்பது பாடம். "பார்த்ததும் பிரிக்கத் தெரியணும், அதுதான் அறிவியல்" என்றார். சிலேட்டில் நாமும் கோடு இழுத்தோம். வெள்ளை நல்லது, சிவப்பு கெட்டது என்று ஓட்டில் விழும் மழைச் சத்தத்துக்கும் மேலாக எல்லோரும் கூவினோம்.

நம் பக்கத்து மண்ணில் சிவப்புக் காளான் முளைப்பதே இல்லை என்று அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. டவுனில் நெசவாளர் தெருவில் பிறந்து வளர்ந்த டீச்சருக்குக் காளானைப் பற்றி என்ன தெரியும்? நாம் ஏரிக்கரைப் பிள்ளைகள், நமக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அச்சில் இருப்பது ஒருபோதும் தவறாகாது என்றுதான் நாம் வளர்க்கப்பட்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் வந்தது. நானும் அவளும் ஏரிக்கரைக்குக் கீழே, மாடு மேயும் மேட்டில் நின்றோம். முளைத்திருந்தது ஒன்றிரண்டு அல்ல, ஒரு வளையம் போட்டது போல இருபது இருபத்தைந்து. ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். வெள்ளை வெளேரென்று.

"செவப்பு கீதா பாரு."

"ஒண்ணுகூட இல்லடி. அல்லாமே நல்லது!"

"அடியில கொஞ்சம் பச்சயா கீதே?"

"பச்சயப் பத்திக் கதையில ஒண்ணும் சொல்லலையே" என்றேன். நான் சொன்ன வாக்கியம் இது. அப்படியே எழுதியிருக்கிறேன், ஒரு சொல் கூட மாற்றவில்லை.

மூன்றை என் பாவாடை மடிப்பில் போட்டுக்கொண்டேன். மீதியை அவள் வீட்டுக்குத் தூக்கிப் போனோம். அவள் கழுவி, கிள்ளி, மிளகாயும் புளியும் போட்டுக் கொதிக்க வைத்தாள். புகையில் இருமிக்கொண்டே இருந்தாள். ஒரு அலுமினியக் கிண்ணத்தில் சித்தியின் பங்கை எடுத்துத் தட்டால் மூடி வைத்தாள். மூடியதும் கையைத் துடைத்துக்கொண்டு, கதைச் சிறுமியைப் போலவே வாசல் பக்கம் பார்த்து உட்கார்ந்தாள்.

சித்தி புல்லுக்கட்டோடு வந்தார். கட்டை இறக்காமலே வாசலில் நின்று கேட்டார்: "இன்னாடி பொக?"

"கொயம்பு ஆக்கிக்கீறேன் சித்தி. ஒனக்குன்னு எட்த்து வெச்சிக்கீறேன்."

"அடுப்பாண்ட போவாதன்னு எத்தினி வாட்டி சொல்றது? பொகையில மூச்சு இயுக்கும்டி." பிறகு குரல் இறங்கியது. "எனக்கு வாணாம். மூடியே வை. தம்பிக்குப் போட்டு நீயும் துன்னு."

கட்டை மாட்டுக்கு உதறிப் போட்டார். சொம்பிலிருந்து தண்ணீரை அண்ணாந்து குடித்தார். உள்ளே வரவில்லை, கிண்ணத்தைத் திறந்து பார்க்கவில்லை. மறுபடி வயலுக்குப் போய்விட்டார். தோழியின் முகம் வாடிப்போனதைப் பார்த்தேன். எனக்கும் கோபம் வந்தது. கதையில் இப்படி இல்லையே.

எங்கள் வீட்டில் அன்று கருவாடு. அதனால் நான் அங்கே சாப்பிடாமல் ஓடிவந்துவிட்டேன். கருவாடுதான் என்னைக் காப்பாற்றியது. பாவாடையிலிருந்து மூன்று காளான்களை எடுத்து வைத்ததும் அம்மா அவற்றைப் பிடுங்கி எருக்குழியில் எறிந்தாள். "எங்கடி பொறுக்கின இத்த? கைய கயுவு மொதல்ல" என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. யாரோடு போனாய் என்றும் கேட்கவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்குத் தெருவில் அலறல். தோழியும் தம்பியும் வாசலில் கிடந்தார்கள். வாந்தி, பேதி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரளல். தம்பிக்கு நான்கு வயது; கண் மேலே சொருகிவிட்டது. சித்தி வயலிலிருந்து ஓடிவந்த வேகத்தில் வரப்பில் விழுந்து முழங்கால் கிழிந்திருந்தது. மணியக்காரர் வீட்டு மாட்டு வண்டியில் இருவரையும் போட்டு உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கே அவர்களைக் காப்பாற்றினார்கள். ஆனால் பிழைப்பார்கள் என்று புதன்கிழமை வரை யாராலும் சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை காலை அந்த வீட்டு வாசலில் கூட்டம். கிண்ணத்தை வெளியே கொண்டுவந்து திறந்தார்கள். ஒரு பெண் குனிந்து பார்த்துவிட்டுக் கத்தினாள்: "பேய்க் காளானு! அடியில பச்ச கீது பாரு!"

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பிள்ளைகளோடு இருந்த சித்தியை அவர் புருஷன், தோழியின் நைனா, கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார். மணியக்காரர் கேட்டார்.

"காடு மேட்டுல கெடந்து வளந்தவ நீ. இது இன்னான்னு ஒனக்குத் தெரியாது?"

"நான் ஆக்கலீங்க."

"ஒம்பது வயசுப் பொண்ணா ஆக்குச்சி? சரி, ஒம் பங்கு அப்பிடியே கீதே. நீ ஏன் துன்னல?"

சித்தி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மணியக்காரர் மறுபடி கேட்டார். "பசிக்கல" என்றார் சித்தி.

"பெத்த புள்ளைக்கும் சேத்தா வெஷம் வெப்பா?" என்று ஒரு கிழவர் கேட்டார். "அவன் கூடவே ஒக்காந்து துன்னுட்டான். இவ இன்னா பண்ணுவா?" என்று பதில் வந்தது.

அப்போது யாரோ என்னைப் பார்த்துவிட்டார்கள். "நேத்து நீ அங்கதான இருந்த? சித்தி இன்னா சொல்லுச்சி?"

நான் பொய் சொல்லவில்லை. "எனக்கு வாணாம், மூடி வை, நீங்க துன்னுங்கன்னு சொன்னாங்க" என்றேன்.

கூட்டம் ஒருமுறை மூச்சு விட்டது. அடுத்த நொடி புருஷன் அடித்த அடியில் சித்தி மண்ணில் உட்கார்ந்தார். மறுபடி அடித்தார். ஒருவரும் தடுக்கவில்லை. என் அம்மா என் தோளைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போனாள். கதவைச் சாத்தினாள். என் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"நீ எங்கயும் போவல. எதையும் பொறுக்கல. இன்னா?"

நான் தலையாட்டினேன். மதியம் பஸ்ஸில் சித்தியை அவர் தாய் வீட்டுக்கு, ஓரிக்கைப் பக்கம், ஏற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்த மகனைப் பார்க்கக்கூட விடவில்லை.

இந்த இடத்தில் என் மனம் அன்று எப்படி ஓடியது என்பதைச் சொல்ல வேண்டும். இத்தனை ஆண்டு கழித்தும் என்னைத் திடுக்கிட வைப்பது அதுதான். நான் அம்மாவுக்குப் பயந்து உண்மையை மறைத்ததாக நினைக்காதீர்கள். எனக்கு உண்மை என்னவென்றே தெரியாது. நாங்கள் பறித்தது வெள்ளை. வெள்ளை நல்லது. ஆகவே விஷம் காளானில் இல்லை. பிறகு எப்படி வந்தது? யாரும் பார்க்காதபோது சித்தி கலந்திருக்கிறார். ஏழு பூட்டுப் போட்டவள் செய்யமாட்டாளா? காளானைப் பறித்ததும் நான், ஆக்கும்போது பக்கத்தில் இருந்ததும் நான். அத்தனையும் தெரிந்த நானே அவரைக் குற்றவாளி என்று முழுமனதோடு நம்பினேன்.

டீச்சரும் நம்பினார். திங்கட்கிழமை வகுப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கதையில் வருவதெல்லாம் எங்கேயோ நடந்ததுதான் பிள்ளைகளா" என்றார். நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள்.

புதன்கிழமை இருவரும் கண் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. டீச்சர் கரும்பலகையில் அதே கோட்டை இழுத்தார். "சித்தி பறித்தது கெட்ட காளான். நீங்கள் யாரும் ஏமாறக் கூடாது. எப்படிப் பிரிக்கணும்?" நாம் கூவினோம்.

நான் எழுந்து நின்றேன். சரியான விடை தெரிந்த பெருமையில் எழுந்தேன்.

"டீச்சர், அது கெட்ட காளான் இல்ல டீச்சர். வெள்ளதான். நானும் அவளும் ஒண்ணொண்ணா பாத்துப் பொறுக்கினோம். செவப்பு ஒண்ணுகூட இல்ல. சித்தி அப்பறமா எத்தயோ கலந்துட்டாங்க."

"யார் பறிச்சது?"

"நாங்க டீச்சர்."

"யார் ஆக்கினது?"

"அவதான். கதையில வர்ற மாதிரியே. சித்திக்கோசரம்."

டீச்சர் கரும்பலகையைப் பார்த்தார். 'நல்லது' என்று எழுதிய இடத்தில் உள்ளங்கையை வைத்தார். அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். புடவையெல்லாம் சுண்ணாம்பு. நாம் நாற்பது பேரும் பலகையில் அசையாமல் இருந்தோம். ஒரு பெரியவர் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொள்வதை நான் அதுவரை பார்த்ததில்லை. பெரிய வாத்தியார் ஓடிவந்து, "தலை சுத்துதா டீச்சர்?" என்று கேட்டதும், தண்ணீர் கொண்டுவந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். மயக்கம் என்று நமக்குச் சொன்னார்கள். மயக்கம் இல்லை.

அன்று மாலை டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாளை ஓரிக்கைக்கு என்னைச் சாட்சியாக அழைத்துப் போகவேண்டும் என்றார்.

அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எம் பொண்ணு எங்கயும் போவல டீச்சரம்மா. எதையும் பொறுக்கல."

"போனேன்மா. நீதான எருக்குயில போட்ட" என்றேன்.

அறை விழுந்தது. ஆனால் அம்மாவின் கண் என்மேல் இல்லை. அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலையே தெரிந்திருக்கிறது. திங்கட்கிழமை கூட்டத்தில் நின்று அந்த அடியைப் பார்த்தபோதும் தெரிந்திருக்கிறது. சாகும்வரை அம்மா இதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் செய்தாள். அதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ள இன்றுவரை என்னால் முடியவில்லை.

அம்மா அதற்குமேல் தடுக்கவில்லை; வியாழக்கிழமை காலை பஸ்ஸில் டீச்சர், நான், டீச்சரிடம் விஷயம் கேட்டு வந்த தோழியின் நைனா. அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்திருந்தார். ஓரிக்கையில் இறங்கிப் பாலாற்றுப் பக்கம் நடந்தோம். சித்தி வாசலில் உட்கார்ந்து முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். ஒரு கண் மூடிப்போயிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழவில்லை. முறம் மட்டும் நின்றது.

"புள்ளைங்க எய்ந்து ஒக்காந்துச்சிங்களா?"

"ஒக்காந்துச்சிங்க" என்றார் அவர் புருஷன்.

முறம் மறுபடி ஆடத் தொடங்கியது. உள்ளேயிருந்து சித்தியின் தாய் வெளியே வந்து கையை நீட்டி நீட்டிக் கத்தினார். "எங்கடா வந்த? ஆறு நாளு பச்சத் தண்ணி குடிச்சிக்கினு சஷ்டி இருந்தாளே, யாருக்கோசரம்? ஒன் மொத தாரத்துப் பொண்ணு மய வந்தா மூச்சுக்குத் தவிக்கிதேன்னுடா! முடியறதுக்கு முன்ன வாயத் தொறந்து சொன்னா வேண்டுதல் பலிக்காதுன்னு, நீ அடிச்ச அடிய வாங்கிக்கினு வந்தாளே! நேத்து ஆத்துல முயுகி முடிச்சப்பறந்தான்டா எங்கிட்டயே சொன்னா!"

நான் விரலை மடக்கி எண்ணினேன். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. அந்த ஞாயிறு நான்காம் நாள்.

டீச்சர் சித்தியின் காலில் விழுந்தார். படித்த, செருப்புப் போட்ட, டவுன் டீச்சர், உளுந்துத் தோலுக்கு நடுவில் நெற்றியை வைத்துக் கிடந்தார். சித்தி பதறிக் காலை இழுத்துக்கொண்டார். "எய்ந்திரிங்க டீச்சரம்மா, இன்னா வேல இது?"

டீச்சர் கூடையிலிருந்து புத்தகத்தை எடுத்து வைத்து, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். புத்தகம், சிவப்பு, வெள்ளை, நாங்கள் பறித்தது, பெண் அடுப்பு மூட்டியது, கிண்ணத்தை மூடி வைத்தது. சித்தி முழுவதையும் கேட்டார். பிறகு, "அந்தப் பொஸ்தகத்தக் குடுங்க" என்றார்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு பக்கமாகப் படம் பார்த்தார். கடைசிப் பக்கத்தில் நெடுநேரம் நின்றார்.

"இந்தப் பொம்பளயும் சித்தியா?"

"இல்லம்மா" என்றார் டீச்சர். "பெத்த அம்மா."

சித்தி புத்தகத்தை மூடி டீச்சரின் மடியில் வைத்தார். "அப்ப சரி" என்றார்.

"வா, வூட்டுக்குப் போலாம்" என்று புருஷன் கூப்பிட்டபோது சித்தி முறத்தை எடுத்து மறுபடி புடைக்கத் தொடங்கினார். நாங்கள் மூவரும் திரும்பினோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டி, டீச்சர் தன் தவற்றைச் சொன்னார். நானும் சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த தோழியும் சொன்னாள். பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர், "டீச்சரு எரக்கப்பட்டுப் பேசுது" என்று வெற்றிலையைத் துப்பினார்கள். டீச்சர் கதைப் புத்தகங்களைப் பெரிய வாத்தியாரின் பீரோவில் வைத்தார். அதன்பிறகு அந்தப் புத்தகங்களை நாம் யாரும் பார்க்கவில்லை. முழுப் பரீட்சை வரை பாடப் புத்தகத்தை வரிவரியாக நடத்திவிட்டு, ராஜினாமா எழுதிக் கொடுத்தார். பல ஆண்டு கழித்து ரிஜிஸ்தர் தபால் அனுப்ப என் கவுண்டருக்கு வந்த பெரிய வாத்தியாரே இதைச் சொன்னார். நல்ல டீச்சர். எனக்குப் படிக்கும் ஆசையைக் கொடுத்தவர் அவர்தான். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சித்தி பத்து நாள் கழித்து யாரும் அழைக்காமல் தானே பஸ் ஏறி வந்துவிட்டார். பிள்ளைகளுக்காக வந்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு நாள் மதியம் நான் அவர்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். புருஷன், பிள்ளைகள், நான், எல்லோர் தட்டிலும் சோறு போட்டாயிற்று. யாரும் கை வைக்கவில்லை. காத்திருந்தோம். சித்தி ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு கவளம் எடுத்துத் தன் வாயில் போட்டு விழுங்கினார். புருஷன் தட்டிலிருந்தும்தான். நம் ஊரில் எந்த வீட்டில் பெண்பிள்ளை முதலில் சாப்பிட்டு நாம் பார்த்திருக்கிறோம்? தோழியின் நைனா தலை குனிந்துகொண்டார். என் தோழி, "வாணாம் சித்தி" என்றாள். அவள் அதை ஒவ்வொரு வேளையும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரலாக இருந்தது.

தோழியின் கல்யாணம் ஒரு தை மாதம், வெள்ளிக்கிழமை. முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்தார்கள். இலையில் சோறு விழுந்ததும் சித்தி, பட்டுப் புடவையும் தலையில் பூவுமாக, சமையல்காரரை விலக்கிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளையின் தகப்பனார் இலைக்கு எதிரே குனிந்து, ஒரு பிடி எடுத்து உண்டார்.

"இன்னாம்மா பயக்கம் இது?" என்று அவர் திகைத்துப் போய்க் கேட்டார்.

நம் ஊர்க்காரர்கள் ஒருவர்கூடத் தலை நிமிரவில்லை. சித்தி நிதானமாக மென்று விழுங்கினார். பிறகு அவர்கள் எல்லோரும் பார்க்கும்படி வாயைத் திறந்து காட்டினார்.

"சாப்பிடுங்க சம்பந்தி" என்றார்.